எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத ரோபோ

மேற்பிரிவு லயம்,
நிவித்திகல.
2008.07.16

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

அப்பா அந்தப் பெட்டியைத் துவாயால் மூடியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பச்சைப் பிள்ளையைப் போர்த்துவதுபோல நாலு பக்கமும் செருகிவிட்டு, வாசலுக்குப் போய் ரோட்டை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தங்கச்சியிடம், "சுதா, அந்தச் சாமானுக்குள்ள மணி கிணி ஏதாச்சும் அடிக்குமா?" என்று கேட்டார். "மணி இல்லப்பா, சிவப்பு லைட்டுதான் விட்டு விட்டு மின்னும்" என்றாள் சுதா. அப்பா கொடியிலிருந்து இன்னொரு துவாயையும் எடுத்து மேலே போட்டார்.

நலம் விசாரிக்காமல் துவாயில் ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா. நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சித்தியும் சுகமாக இருக்கவும், வரக்காப்பொலக் கடையில் வியாபாரம் குறையாமல் நடக்கவும் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். கடைக்கு ஃபோன் எடுத்தே சொல்லியிருக்கலாம். போன தீபாவளிக்கு அப்படித்தான் எடுத்தேன். நீங்கள் "ஹலோ, யாரு? ஹலோ! லைன்ல சத்தமே இல்லியே" என்று வைத்துவிட்டீர்கள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். என் குரல் அப்படி. வீட்டில் நான் ஏதாவது சொன்னால் பல்லி சொல்லிவிட்டது என்று அம்மா கூரையைப் பார்ப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். இது கிடைத்ததும் நீங்கள் புறப்பட்டு வந்து அப்பாவிடம் பேச வேண்டும். அடுத்த கிழமை சனிக்கிழமைக்குள் பேச வேண்டும். அப்பா உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் தலையாட்டுவார்.

விஷயம் இதுதான். சுதாவின் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஸ்ரீதரன் என்று புதிதாக ஒரு சேர் வந்திருக்கிறார். அவர் சுதாவையும், கணக்கப்பிள்ளை மகன் ஜனகனையும், பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் பளீல் நானாவின் மகள் நூரியாவையும் சேர்த்து ஒரு ரோபோக் குழு அமைத்தார். ரோபோ என்றதும் கைகால் வைத்து நடந்து வரும் என்று நானும் நினைத்தேன். இது சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். நாலு சில்லு, முன்னால் கண் மாதிரி இரண்டு வட்டம், முதுகில் பச்சை சிவப்பு மஞ்சள் வயர்கள், வயிற்றில் கறுப்பு டேப் சுற்றிய பேட்டரிகள். கண்ணுக்கு எதிரே ஏதாவது வந்தால் நின்று, கொஞ்சம் யோசித்து, பின்னுக்கு வந்து, வேறு பக்கம் திரும்பிப் போகும். அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதுவே பெரிய காரியம் சித்தப்பா. சம்பள நாள் சாயங்காலம் எங்கள் லயத்துக்கு வருகிற ஆம்பளைகள் பாதிப் பேருக்கு அது தெரியாது.

முதல் போட்டி இங்கேயே நிவித்திகலயில் நடந்தது. எல்லா ரோபோக்களையும் மேசை மேல் ஓடவிட்டார்கள். எதிரே ஏதாவது இருந்தால்தானே எங்களுடையது திரும்பும்? மேசைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. நேராகப் போய் விழுந்துவிட்டது. மற்றப் பள்ளிக்கூடங்களின் ரோபோக்களும் விழுந்தன, ஆனால் எங்களுக்கு முன்பே விழுந்தன, அதனால் எங்களுக்கு இரண்டாம் இடம். ஒன்று மட்டும் கடைசிவரை விழவில்லை. அது ஓடவே இல்லை. அதற்கு முதலிடம். இரண்டு குழுவையும் அடுத்த கிழமை சனிக்கிழமை இரத்தினபுரியில் நடக்கும் பெரிய போட்டிக்கு எடுத்தார்கள். போட்டிக்கு வருவதற்கு முன் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சனங்களுக்கு இயந்திரத்தைக் காட்டி விளக்க வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு என்றார்களாம். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதால் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் கூரையும் ஒழுகும். ஆனால் எங்கே ஒழுகும் என்று எங்களுக்குத் தெரியும்.

முதலில் பிள்ளைக் காம்பராவில் காட்டினார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு அங்கேதானே வேலை செய்கிறேன், அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. குழந்தைகளுக்கு ரோபோவை ரொம்பப் பிடித்துவிட்டது. சோறு ஊட்டினார்கள். சில்லுக்குள் போன பருப்பை நூரியா ஊசியால் நோண்டி எடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முன்னால் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். சுதா பாடமாக்கி வைத்திருந்ததை, "அன்பார்ந்த பெரியோர்களே, இது தடையைக் கண்டு விலகும் இயந்திரம்" என்று ஆரம்பித்தாள். பக்கத்துக் காம்பரா கருப்பாயி பெரியம்மா, "அது கெடக்கட்டும் புள்ள, இது கொழுந்து எடுக்குமா?" என்று கேட்டார். "எடுக்காது பெரியம்மா." "ரப்பர் பால் வெட்டுமா?" "வெட்டாது." "அப்ப இதுக்கு அரைப் பேருகூட போட மாட்டாங்களே! எங்க வீட்டு மனுசன் மாதிரி சும்மா சுத்திக்கிட்டுத் திரியத்தானா?" கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் எழுதுவதை அரைப் பேர் என்பது உங்களுக்கு மறந்திருக்காது, நீங்களும் வாங்கியவர்தானே. சனம் சிரித்து முடிய வெகு நேரமானது. சுதாவுக்குப் பாடமாக்கியது மறந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் பூசாரி முன்னுக்கு வந்து, "புது வண்டி. பூச போடாம ரோட்டுல எறக்கப்படாது" என்றார். ஸ்ரீதரன் சேர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். "சரிங்க" என்றார். சித்தப்பா, அந்த ஒரு சொல்லால் வந்த வினை.

பூசாரி சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார். லொறிக்கு வைப்பதுபோல சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தார். பழம் சில்லைவிடப் பெரியது. அதனால் முன்னால் வைத்தார். "இப்ப எடுங்க வண்டிய" என்றார். ஜனகன் சுவிட்சைப் போட்டான். ரோபோ பழத்துக்கு ஒரு விரல் தூரம்வரை போனது, நின்றது, யோசித்தது, பின்னுக்கு வந்தது, திரும்பி வேறு பக்கம் போனது. சனம் இன்னும் நெருங்கி வந்தது. பூசாரி அதைத் தூக்கிக் கொண்டுவந்து மறுபடி வைத்தார். மறுபடியும் திரும்பியது. அந்தப் பக்கமும் ஒரு பழம் வைத்தார். இந்தப் பழத்தைக் கண்டு அங்கே போய், அந்தப் பழத்தைக் கண்டு இங்கே வந்து, நடுவில் நின்று சுழல ஆரம்பித்தது. யாரோ, "அருள் வந்துருச்சு" என்றார்கள். கருப்பாயி பெரியம்மா கும்பிட்டுக்கொண்டே, "எங்க மூத்தவனுக்கு எப்ப வேல கெடைக்கும்னு கேளுங்க சாமி" என்று குறி கேட்டார். சுதா அழாத குறையாக, "சாமி இல்ல பெரியம்மா, அது கண்ணு. முன்னுக்கு எதையாச்சும் பார்த்தா திரும்பிடும்" என்றாள். பூசாரிக்குக் கோபம். "லொறிக்கும்தான் முன்னுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. அது என்ன, பழத்தக் கண்டு கொழும்புக்குத் திரும்பி ஓடுதா? பொட்டு வைக்காம எடுத்ததுதான் குத்தம்" என்று சொல்லி, கை நிறையச் சந்தனத்தை எடுத்து, அந்த இரண்டு கண்ணிலும் நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தார்.

கண் அடைத்தால் அதற்கு எதிரே ஒன்றும் இல்லை என்று நினைப்பு. ஜனகன் "வேணாம் வேணாம்" என்று கத்துவதற்குள் முழு வேகத்தில் போய்ப் பழத்தின் மேல் ஏறி, அப்படியே மல்லாக்க விழுந்து, நாலு சில்லும் வானத்தில் சுற்ற, வயிற்றில் சிவப்பு லைட் மின்ன மின்னக் கிடந்தது. பூசை போட்ட இடத்திலேயே கவிழ்ந்த வண்டியை இந்தத் தோட்டம் இதுவரை பார்த்ததில்லை. சனம் கலைந்தது. புள்ளிக்குக் காட்ட வேண்டிய ஃபோட்டோவைச் சேர் எடுக்க மறந்துவிட்டார். எடுத்திருந்தாலும் புள்ளி கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "சுதா இரத்தினபுரிக்குப் போக வேணாம்" என்றார். அம்மாவும் சகுனம் சரியில்லை என்றார். சுதா எவ்வளவோ சொன்னாள், சந்தனம், கண், பழத்தின் உயரம் எல்லாம். அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "எலுமிச்சம்பழத்தையே தாண்ட ஏலாத சாமான் செக் பொயின்டத் தாண்டப் போகுதா?" என்றார். வீட்டில் எல்லாருக்கும் அதில் முதல் பாதிதான் கேட்டது. எனக்குப் பின் பாதி கேட்டது.

சித்தப்பா, அப்பா சகுனம் பார்க்கிறவர் இல்லை. பெண் பார்க்கவே ராகு காலத்தில் வந்த மனுசன் என்று அம்மா இன்றைக்கும் குத்திக்காட்டுவார். அப்பாவுக்குப் பயம் எலுமிச்சம்பழத்தில் இல்லை. வயரில்தான். கருப்பாயி பெரியம்மாவின் மூத்த மகன் போன வருஷம் கொழும்பிலிருந்து ஒரு பழைய ரேடியோவைத் திருத்துவதற்காகக் கொண்டுவந்தான். வழியில் செக் பொயின்டில் பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கி, வயரைப் பார்த்து, குண்டுக்கு வைத்ததோ என்று வைத்திருந்து விசாரித்து அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்தான், ரேடியோ வரவில்லை. அன்றிலிருந்து அவன் பஸ் ஏறுவதில்லை. இப்போது நம் வீட்டுப் பிள்ளை பேட்டரியும் மின்னுகிற லைட்டுமாக ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகப் போகிறாள். இதை அப்பாவால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல இருக்கிறார். எலுமிச்சம்பழம் நல்ல வேளையாகக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

சுதா போகாவிட்டால் நூரியாவை அனுப்ப மாட்டேன் என்று பளீல் நானா சொல்லிவிட்டார். ஒரு பிள்ளை குறைந்தாலும் குழுவை எடுக்க மாட்டார்களாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நேற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்துச் சுதா, "நானும் ஒன்னய மாதிரி பள்ளிக்கூடத்த விட்டு நின்னுர்றேன்க்கா, நிம்மதி" என்றாள். சித்தப்பா, என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முதுகு வலி வந்தது, ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதில் நிம்மதி எங்கே இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டும். நீங்கள் கடை வைத்திருப்பவர், பொலிஸாரோடும் சிங்களத்தில் சிரித்துப் பேசத் தெரிந்தவர். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். தற்செயலாக வந்ததுபோல வாருங்கள். நீங்கள் பேசும்போது நான் அடுப்படியில் இருப்பேன், என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

சித்திக்கு என் அன்பு. உங்கள் கல்லாவும் மனமும் எப்போதும் நிறைந்திருக்கட்டும். உங்கள் கால் தொட்டு வணங்கும்,

அண்ணன் மகள்,
சுமித்ரா.

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. சித்தப்பா, வர வேண்டாம்.

காலையில் இதைத் தபாலில் போடத்தான் போனேன். சந்தியில் உள்ள பொலிஸ் காவலரணில் வழக்கம்போலப் பையைப் பார்த்தார்கள். சார்ஜன்ட் இந்தக் கடித உறையைத் தூக்கி, "மே மொகத நங்கி?" என்று கேட்டார். இது என்ன என்றுதான் கேட்டார். அவரே பார்த்துவிட்டு, "லியுமக்" என்று, கடிதம்தானே என்று திருப்பித் தந்தார். தபால் பெட்டிவரை போய் நின்றேன். பார்த்தால் தெரிந்துவிடுகிற ஒன்றுக்கு வரக்காப்பொலயிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறேனே என்று தோன்றியது. கடிதத்தைப் போடாமல் வீட்டுக்கு வந்தேன். துவாய் இரண்டையும் எடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்த சுதா, "எங்கக்கா? அக்கா, எங்க போற?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

காவலரணுக்கு முன்னால் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். சார்ஜன்டிடம் சிங்களத்தில், "சேர், அடுத்த கிழமை சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைத்தான் இரத்தினபுரிக்குக் கொண்டுபோகிறார்கள், இன்றைக்கே பார்த்துவிடுங்கள்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஓர் இளம் பொலிஸ்காரர் துவக்கை மாற்றிப் பிடித்தார். சுதா கிட்டே வராமல் நின்றாள், அதனால் சுவிட்சை நானே போட்டேன். சிவப்பு லைட் மின்னியதும் பஸ் கண்டக்டர் உட்பட எல்லாரும் பின்னுக்குப் போனார்கள். ரோபோ நேராக சார்ஜன்டின் சப்பாத்து வரை போய், நின்று, யோசித்து, திரும்பி, அடுத்தவரின் சப்பாத்துக்குப் போய், அங்கேயும் மரியாதையாகத் திரும்பியது. சார்ஜன்ட் குனிந்து தொப்பியைக் கழற்றி அதற்கு எதிரே வைத்தார். அதையும் சுற்றிப் போனது. "ஹரி ஷோக்!" என்று, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம், சேரின் பெயர், எங்கள் விலாசம் எல்லாம் கேட்டு எழுதினார், வயிற்றில் சுற்றிய டேப்பைப் பிரிக்கச் சொல்லிப் பேட்டரியையும் பார்த்தார். சனிக்கிழமை காலை தானே கடமையில் இருப்பதாகவும், வழியில் உள்ளவர்களுக்கும் சொல்லி வைப்பதாகவும் சொன்னார்.

நாங்கள் லயத்துக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அப்பா வாசலில் நின்றார். "யாரு போகச் சொன்னா?" என்றார். "யாரும் சொல்லலப்பா" என்றேன். அப்பா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "இரத்தினபுரிக்கு இவகூட யாரு போறது? பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு இருக்கு. சேர் ஒரு ஆளு எத்தனயப் பாப்பாரு?" என்றார்.

"நான் போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், செக் பொயின்டில் காட்ட என் அடையாள அட்டையைத் தேடி எடுத்தேன்.