மோட்டார் சைக்கிளுக்கும் தவக்காலம்

சாம்பல் புதன் காலையில், நெற்றியில் பூசிய சாம்பல் உதிரும் முன்னே, மரியசூசை கோயில் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சபதம் போட்டார். "ஈஸ்டர் வரைக்கும் கறி வாசம்கூட எம்மேல படாது!"

சபதம் அடுத்த சந்தை வரைக்கும் தாங்கியது.

அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஆள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். வாராவாரம் காரிமங்கலம் சந்தைக்குப் போய் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிற உத்தியோகம். காலையிலிருந்து கொழுகொழுவென்று ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானம் மோர்ச்சோற்றைத் தின்ன அவர் என்ன காட்டில் தவம் கிடந்த வனத்துச் சின்னப்பரா? கிருஷ்ணகிரி ரோட்டில், பஸ் நிற்காத ஒரு புளியமரத்தடியில் வெங்கடாசலத்தின் ஓட்டல் இருந்தது. அங்கே கொதிக்கும் கறிக்குழம்பு சந்தை வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மரியசூசையும் ஒவ்வொரு வாரமும் "இதுதான் கடைசி" என்று சொல்லிக்கொண்டேதான் இலை முன்னால் உட்கார்ந்தார்.

அகப்பட்டால் மானம் மட்டும் போகாது, பிலாத்து வேஷமும் போய்விடும். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரில் பாஸ்கா நாடகம். ஏசுநாதர் பாடுகளை நடித்துக் காட்டுகிற நாடகத்தில் வேஷம் கட்டுகிறவன் தவக்காலம் முழுக்கச் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பது பங்குச் சாமியார் உத்தரவு. கறி தின்றவனுக்குக் கிரீடம் கிடையாது. மரியசூசை பல வருசம் ஓரத்தில் ஈட்டி பிடித்து நின்ற சிப்பாய். இந்த எழுபத்தெட்டாம் வருசம்தான் ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்து ராசாவாகச் சிம்மாசனத்தில் உட்காரப் போகிறார். போன வருசம் வரைக்கும் அந்தச் சிம்மாசனத்தில் இருந்தவர் கோயில் உபதேசியார் செபாஸ்டின். வேஷம் கைமாறிய நாளிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மரியசூசையைப் பார்த்துவந்தார்.

பார்ப்பதற்கு ரொம்பச் சிரமப்படவும் தேவையில்லை. காரணம் மரியசூசையின் மோட்டார் சைக்கிள்.

வண்டி என்னவோ பழசுதான். ஆனால் பெங்களூரில் பட்டறை வைத்திருக்கும் மச்சான் அல்போன்ஸ், தங்கச்சி மேலிருந்த பிரியத்தில், முன் லைட்டுக் கூடும் ரெண்டு பக்கத்து மூடிகளும் புதுசாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தான். எல்லாம் பிளாஸ்டிக். மேலே குரோம் முலாம். வெள்ளித் தட்டு தோற்றது. வெயிலில் நிறுத்தினால் எதிரே வருகிற பஸ் டிரைவர் கண்ணைப் பொத்திக்கொள்வார். மரியசூசையின் மனைவி ராஜமேரி, வீட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, தினம் அந்த மூடியில் மூஞ்சி பார்த்துத்தான் வகிடு எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

ஒரு சந்தை நாள் சாயங்காலம் செபாஸ்டின் சைக்கிளை ஊன்றி வழிமறித்தார்.

"என்னங்க கம்பவுண்டரே, உங்க வண்டி வெங்கடாசலம் ஓட்டல் முன்னாடி பளபளன்னு நின்னுச்சே?"

"பஞ்சருங்க."

"போன சந்தைக்கும் அங்கதான நின்னுச்சு?"

"அதே பஞ்சருங்க."

செபாஸ்டின் தாடியைத் தடவிக்கொண்டார். போன வருசம் பிலாத்துவுக்காக வளர்த்த தாடி, இன்னும் எடுக்கவில்லை. மரியசூசை வண்டியை உதைத்துக் கிளப்பினார். கறியை விடுவதா, மினுக்கை விடுவதா? வீடு வந்து சேருவதற்குள் முடிவு பண்ணிவிட்டார். மினுக்கு போகட்டும். வண்டியைக் கன்னங்கரேலென்று அடித்துவிட்டால் பத்து வண்டியோடு அதுவும் ஒரு வண்டி.

"ஏம்புள்ள, தவக்காலத்துல இந்த ஆடம்பரம் எதுக்கு? மினுக்க எடுத்துட்டுக் கறுப்பு அடிச்சிரலாம்னு இருக்கேன்."

அண்ணன் கொடுத்ததைத் தொட்டால் வீடு ரெண்டாகும் என்று எதிர்பார்த்து, வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டுதான் சொன்னார். ராஜமேரி மூடியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"நல்ல எண்ணமுங்க. மனசு மாறுறதுக்குள்ள செஞ்சிருங்க."

ஐயோ பாவம், மனுசன் அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? ஜெயித்துவிட்டோம் என்ற குஷியில் அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினார். கழற்றிய கையோடு கறுப்புப் பெயிண்டை வழித்துப் பூசினார். காலையில் ராஜமேரி நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தாள். பால் ஆடை மாதிரி பெயிண்ட் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

"ஏனுங்க, சட்டையக் கழட்டுதுங்களே இது?"

தர்மபுரியில் ஒரு பெயிண்டரைக் கேட்டார். "முலாம் வழவழன்னு இருக்கும், அதுமேல எதுவும் நிக்காதுங்க. மொதல்ல முலாம உரிக்கோணும்" என்றான். மரியசூசை உப்புத்தாளை வைத்துக்கொண்டு தேய் தேயென்று தேய்த்தார். அங்கங்கே போய், அங்கங்கே ஒட்டிக்கொண்டு, சொறி பிடித்த எருமை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

"கையி வலிக்கப் போவுது, இங்க குடுங்க. காஸ்டிக் சோடாவக் கரைச்சு ஊறப்போடோணும். அண்ணன் பட்டறையில அப்படித்தானுங்க முலாம் உரிப்பாங்க."

"உனக்கு எதுக்கு இவ்ளோ அக்கறை?"

"உங்க பக்திக்கு ஒத்தாச பண்ணா எனக்கும் புண்ணியந்தானுங்க?"

பழைய பிளாஸ்டிக் வாளியில் சோடாத் தண்ணியில் ஊறப்போட்டார்கள். காலையில் பார்த்தால் வெள்ளியெல்லாம் கரைந்து வாளித் தண்ணி சாம்பலாகிக் கிடந்தது. மரியசூசை குச்சியால் மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே வாளிக்குள் போட்டுவிட்டார். முலாமுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் ரோஸ் கலர். சாதா ரோஸ் இல்லை, தேரோட்டத்தில் விற்கிற பஞ்சுமிட்டாய் ரோஸ்.

"இத மாட்டிட்டுப் போனா ஓட்டல் என்ன, ஒகேனக்கல்லுல இருந்தே தெரியுமே!"

"எந்த ஓட்டலுங்க?" என்றாள் ராஜமேரி.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

இனி கறுப்பு அடித்தே ஆக வேண்டும். அடித்து முடிக்கிறவரைக்கும் வண்டி நகராது. சாவி போடுகிற இடமே அந்த லைட்டுக் கூட்டில்தான் இருந்தது. பழைய இரும்புக் கூடு எங்கே என்று தேடினார். அது எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய், பேரீச்சம்பழமாகி, அவர் வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது.

சந்தைக்குப் பஸ்ஸில் கிளம்பினார். ராஜமேரியும் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"வண்டி இருந்தா ரெண்டு பேரு ஒக்கார எடமில்லன்னு சொல்லுவீங்க. பஸ்ஸுல எடம் கெடக்குதே."

மத்தியானம் சந்தை வேப்பமரத்தடியில் கூடையைத் திறந்தாள். மோர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். மரியசூசை கிருஷ்ணகிரி ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு விழுங்கினார். அதற்கடுத்த சந்தைக்கும் கூடை வந்தது. அவர் பெயிண்ட் பிரஷ்ஷை வெறியோடு எடுத்தார்.

முதல் பூச்சு அடித்து வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணி குடித்தார். வெளியே வந்து பார்த்தால் காற்று வாக்கில் ராஜமேரி ராகி தூற்றிக்கொண்டிருக்கிறாள். உமி பூராவும் மூடியில். கறுப்பு மூடிக்குத் தாடி முளைத்த மாதிரி இருந்தது.

"ஐயையோ! ஈரமாவா இருந்துச்சு? எனக்கு எப்படிங்க தெரியும்?"

சுரண்டித் தேய்த்து மறுபடி அடித்தார். இந்தத் தடவை திண்ணைப் பக்கமே வேண்டாமென்று வீட்டுக்குள் வைத்தார். ராஜமேரி அடைகாக்கிற கோழியையும் அங்கேயே கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். கூடை எப்படியோ சாய்ந்து, கோழி லைட்டுக் கூட்டின் மேல் ஏறி முழு நடை நடந்து பார்த்துவிட்டு இறங்கியது. மூன்றாவது தடவை எந்த விபத்தும் இல்லை. நன்றாகவே காய்ந்தது. மரியசூசை சாவியைக் கையில் எடுத்தார்.

ராஜமேரி குனிந்து மூடியில் பார்த்தாள். "ஏனுங்க, இன்னும் மூஞ்சி தெரியுதே. மினுக்கு வேணாம்னுதான எடுத்தீங்க? சாமிக்கு அரைகுறையாவா ஒப்புக்கொடுக்குறது?"

"ஆரு பாக்கப் போறா?"

"அந்தா உபதேசியாரு வர்றாரு, அவரையே கேட்டுருவோம். ஏனுங்கண்ணா, எங்க வூட்டுக்காரரு தவத்துக்காக வண்டி மினுக்கையே எடுக்குறாருங்க. இது போதுமா, இன்னும் மங்கோணுமா?"

செபாஸ்டின் மூடியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓட்டலில் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்த ஆள் இப்படியா ஞானியாகி நிற்பான்? "இன்னும் கொஞ்சம் மங்கலாமுங்க" என்று முனகிவிட்டு நடந்தார். அவரே சொன்ன பிற்பாடு மரியசூசை என்ன செய்வார்? ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், அடித்த பெயிண்டையெல்லாம் உரிக்கத் திரும்பவும் சோடா வாளி. வாளிக்குள் விழுந்த மூடியை அவசரத்தில் வெறுங்கையால் எடுத்துவிட்டார். கை தோல் வழன்று, அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது.

பெரிய வெள்ளிக்கிழமை பிலாத்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். "இந்த நீதிமானின் ரத்தப்பழிக்கு நான் பொறுப்பல்ல!" என்று சொல்லி, கை கழுவத் தாம்பாளத் தண்ணியில் கையை வைத்தார். வைத்ததும் உயிர் போனது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிலாத்து அழுது அந்த ஊர் பார்த்ததில்லை. பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். சாமியார் நாடகம் முடிந்ததும் தோளைத் தட்டி, "தவம் இருந்தவன் நடிப்பு தனியா தெரியுதுப்பா" என்றார். செபாஸ்டின் மறுநாளே தாடியை எடுத்துவிட்டார்.

ஈஸ்டர் அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறி. பூசை முடிந்து வந்த மரியசூசை வாசலில் தம் வண்டியைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தினார். சனிக்கிழமை ஒரு மங்கல் பூச்சு அடித்து மாட்டியதில் கடைசியில் கறுத்துவிட்டது. இனி எந்தப் புளியமரத்தடியில் நிறுத்தினாலும் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது.

அப்போது பெங்களூர் மச்சான் அல்போன்ஸ் ஒரு பெரிய பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். பொட்டலத்தைப் பிரித்தான். லைட்டுக் கூடு, பக்கத்து மூடி, கூடவே பக்கக் கண்ணாடிகளுக்கு ரெண்டு கிண்ணம். பழசைவிட ரெண்டு மடங்கு மினுக்கு.

"பழசு மங்கிப்போச்சுன்னு தங்கச்சி சொல்லி அனுப்புச்சுங்க மாப்ள."

மரியசூசை ராஜமேரியைத் தனியாக அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னடி இது?"

"தவக்காலந்தான் முடிஞ்சு போச்சே. இனி மினுக்குனா என்னங்க? நானும் எத்தன நாளைக்கு மூஞ்சி பாக்காம பொட்டு வைக்கிறது?"

"அப்ப... உனக்கு..."

"தெனம் அந்த மூடியில மூஞ்சி பாக்குறவ நானு. சந்தையன்னிக்கு மட்டும் அதுமேல உங்க அஞ்சு வெரலும் நெய்யா ஒட்டியிருக்கும். மோந்து பாத்தா கறி மசாலா."

"மொதல்லயே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா சண்ட வரும், வேற ஓட்டல் பாப்பீங்க. ஊருக்குத் தெரிஞ்சா வேஷம் போயிரும்." குழம்பைக் கிளறிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "எம் புருசன் ராசாவா ஒக்கார்றத நானு பாக்க வேணாமுங்களா?"

என்ன பொம்பளை இவள்! மரியசூசைக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உரிந்த கையால் அவள் தலையைத் தடவி, "சத்தியமாச் சொல்றேன் மேரி, அடுத்த தவக்காலத்துக்கு அந்த ஓட்டல் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டேன்" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்களா உங்கள?" என்று சொல்லிக்கொண்டே இலையில் நல்ல எலும்பாகப் பார்த்து எடுத்துவைத்தாள் ராஜமேரி. "மிச்சச் சோடாவப் பரண்ல பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். சாப்புடுங்க."