டயல் செய்யப் பருப்பு எதற்கு?

தொண்ணூற்றொன்பதாம் வருடம், ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் பள்ளத்தூரை உலகத்தோடு இணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தனியாளாக! என் சொந்தக் கையால்! ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள்!

பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவுதான். ஆனாலும் வாய் கொப்பளித்த பிறகும் அது மாறவில்லை.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த எங்கள் மகள் ரீனா, ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும், மோடம் என்ற கறுப்புப் பெட்டியையும் லாரியில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கடிதம். 'அப்பா, இந்த மோடத்தை டெலிபோன் லைனில் சொருகினால் இன்டர்நெட் வரும். பெயர், பாஸ்வேர்டு, டயல் செய்ய வேண்டிய நம்பர் எல்லாம் சீட்டில் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போட்டோவை ஈமெயிலில் அனுப்புகிறேன். முதல் சம்பளப் புடவை!'

என் மனைவி அருளம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு மூன்றாம் முறை படித்தாள்.

"ஒரு ஆளக் கூப்பிட்டுக்கிருவமாங்க?"

"எதுக்கு ஆளு?"

"புள்ள போட்டோவப் பாக்கணும்ல."

"இருவத்திரண்டு வருசமா பூகோளம் நடத்துறேன் அருளு. ஒலகத்தையே விரல்ல சுத்திக் காட்டுறவனுக்கு இந்தப் பொட்டி பெரிசா?"

"அது பொம்மை ஒலகம். சும்மா விட்டாலும் சுத்தும். இது வேலை செய்யணும்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே பந்தயம் கட்டினேன். ஞாயிறு பதினோரு மணிக்குள் இன்டர்நெட் வராவிட்டால் டெலிபோன் சாவியை அவளிடம் கொடுத்துவிடுவேன். வந்துவிட்டால் பூட்டைப் பற்றி அவள் ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

"சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு டெலிபோன், விரலை விட்டுச் சுழற்றும் பழைய ரகம். அந்தச் சுழல் வட்டத்தின் ஓர் ஓட்டையில் நாலு வருடமாக ஒரு குட்டிப் பூட்டு தொங்குகிறது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எங்களைக் கூப்பிடலாம். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாவி என் கழுத்தில், அந்தோணியார் பதக்கத்துக்குப் பக்கத்தில்.

பூட்டியதற்குக் காரணம் சிங்கம்புணரி. அங்கே இருப்பவள் அருளம்மாளின் தங்கை ஜெரினா. அவளுக்குப் புருஷனாக இருப்பவர் ஆன்றோ, என் சகலை. நான் குளியலறையில் வழுக்கி விழுந்தால், நான் எழுந்து வேட்டியைச் சரி செய்வதற்குள் ஆன்றோ சிங்கம்புணரியில் சிரித்து முடித்திருப்பார். என் மானம் தினம் ஒரு முறை டெலிபோன் கம்பியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் பூட்டு.

பூட்டிய பிறகும் சங்கதி எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு பஸ் கண்டக்டர் மேல் சந்தேகம். டெலிபோன் பில்லும் குறையவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு ஐந்து புகார்க் கடிதம் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரை மேசையில் ஏற்றினேன். தூசி படக் கூடாது என்று கதவு வைத்துச் செய்த மேசை. செவ்வாய்க்கிழமை புத்தகத்தைத் திறந்தேன். புத்தகம் என்னைத் திறந்துவிட்டது!

திரையில் கட்டம் கட்டமாகக் கேள்விகள். முதல் கட்டம் டி.என்.எஸ். கேட்டது. எந்தக் கட்சி என்று தெரியவில்லை. அடுத்த கட்டம் ஐ.பி. முகவரி கேட்டது. முகவரிதானே என்று கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை அடித்தேன். அது எழுத்தே ஏற்காது, எண் மட்டும்தான் தின்னும் என்று தெரிய அரை நாள் ஆயிற்று. எரிச்சலில் கத்திவிட்டேன்.

"அருளு! இந்த ஐ.பி. குடுக்காம நம்ம வண்டி ஓடாது போலிருக்கு!"

அடுப்படியில் ஏதோ விழுந்தது. "மாதாவே! ஐ.பி. குடுக்கப் போறீகளா? யாருக்கும் தெரியாம எம்புட்டுக் கடன் வாங்கினீக?"

நம் பக்கத்தில் ஐ.பி. கொடுப்பது என்றால் கோர்ட்டில் திவால் நோட்டீஸ் கொடுப்பது. அது வேறு ஐ.பி., இது வேறு ஐ.பி. என்று நான் பாடம் நடத்தி, விளக்கி, வேர்த்து, ஒரு பள்ளிக்கூடப் பீரியடு போய்விட்டது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வரக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் டெலிபோன் அடித்தது.

"அண்ணே, நான் ஆன்றோ. ஐ.பி. குடுத்துட்டீகளாமே. சகலைன்னு ஒருத்தன் இங்குட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் பூட்டு. கழுத்தில் சாவி. வாசலில் பஸ்ஸும் நிற்கவில்லை, கண்டக்டரும் இல்லை. முகம் கழுவுகிற நேரத்தில் சிங்கம்புணரிக்கு எப்படிப் போயிற்று?

"யாரு சொன்னா ஆன்றோ?"

"காத்துவாக்குல வந்துச்சுண்ணே."

நல்ல காற்று! எங்கள் வீட்டு ஜன்னலில் புறப்பட்டு நேரே சிங்கம்புணரியில் இறங்குகிற காற்று! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டு வந்து என் இன்டர்நெட்டைக் கண்ணால் பார்க்கும்படி ஆன்றோவுக்கு அழைப்பு வைத்தேன். கோபத்தில் வைத்த அழைப்பு. போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இனி தோற்றால் சாவி மட்டும் போகாது, சகலைக்கு நேர் எதிரே போகும்.

புதன்கிழமை ஒரு பெரிய கண்டுபிடிப்பு! அந்தக் கட்டங்களில் ஒன்றுமே எழுதாமல் விட்டால் அவை தானாகவே நிரப்பிக்கொள்ளுமாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. துள்ளிக் குதித்து, பெயரையும் பாஸ்வேர்டையும் நம்பரையும் அடித்து, 'கனெக்ட்' என்பதை அமுக்கினேன்.

பூட்டு போனின் வட்டத்துக்குத்தான், மோடத்துக்கு இல்லை. மோடம் பேசியது! முதலில், ரிசீவரை எடுத்ததும் கேட்குமே, அந்த மாதிரி 'கொர்ர்ர்ர்' என்றது. பிறகு 'டிங் டொங் டிங் டிங் டொங்' என்று ஒரு பாட்டு. பிறகு மறுபடியும் 'கொர்ர்ர்ர்'. அவ்வளவுதான். பதில் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. நூறு தடவை அமுக்கினேன். நூறு தடவையும் அதே பாட்டு.

வியாழக்கிழமை லைன்மேன் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டேன். வந்தார். வாசல் கம்பத்தில் ஏறி இறங்கினார்.

"லைனு தங்கமா இருக்கு சார்."

"அப்ப ஏன் போக மாட்டேங்குது?"

"போனு போகுதுல்ல? பொறவென்ன?"

"போனு எப்படிப் போகும்? அதான் பூட்டியிருக்கே."

கோட்டைச்சாமி பூட்டைப் பார்த்தார். அருளம்மாளைப் பார்த்தார். அவசரமாகத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்குகிற முகத்தோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். லைன்மேன்களுக்குப் பொதுவாகவே மரியாதை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு மூலையில் இரண்டு வட்டம் கண்ணில் பட்டன. ஒன்று 'டோன்', அதில் புள்ளி இருந்தது. இன்னொன்று 'பல்ஸ்', காலியாக இருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். பல்ஸ்: பருப்பு, பயறு. பட்டென்று மூடினேன்.

"என்னங்க அது?" என்றாள் அருளம்மாள்.

"டயல் பண்றதுக்குப் பருப்பு வேணுமான்னு கேக்குது."

"பருப்பா?"

"வெள்ளக்காரன் பொட்டில ஆயிரம் இருக்கும். டயல் பண்ணப் பருப்பு எதுக்கு? நீ போயி சாம்பாரப் பாரு."

அவள் திரையை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சாம்பாரைப் பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை! பத்தரைக்கு ஆன்றோவும் ஜெரினாவும் மிக்சர் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்கள். ஆன்றோ சட்டைப் பையில் புதுப் பேனா குத்தியிருந்தார், திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி. நான் கனெக்ட்டை அமுக்கினேன். கொர்ர்ர். டிங் டொங் டிங். கொர்ர்ர்.

"பாட்டு நல்லாருக்குண்ணே. அடுத்த பாட்டு எப்ப?"

அமுக்கினேன். அதே பாட்டு. பத்து ஐம்பது. அமுக்கினேன். பத்து ஐம்பத்தைந்து. கழுத்துச் சாவி கனக்கத் தொடங்கியது. ஆன்றோ மிக்சரில் கடலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள் அருளம்மாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பாட்டுக்கு முன்னாடியும் கொர்ருங்குது, பின்னாடியும் கொர்ருங்குது. நம்ம எக்ஸ்சேஞ்சுக்கு அது பாடுறது காதுலயே விழுகல."

"எக்ஸ்சேஞ்சுக்குக் காது இருக்கா?"

"பாடுனாக் கேக்காது. தட்டுனாத்தான் கேக்கும். அந்தப் பருப்ப அமுக்குங்க."

ஆன்றோ நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ரோஷம் பொங்கியது. "ஓம் பருப்பு இங்க வேகாது அருளு!"

"அகராதில அடுத்த வரியப் படிச்சீகளா? பல்ஸுன்னா நாடி. கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருசம் நர்சா இருந்தவ சொல்றேன். டக்கு டக்குன்னு நாடி துடிக்கிற மாதிரி தட்டணும். தள்ளுங்க."

தள்ளினேன். கரண்டியை என் கையில் கொடுத்தாள். அந்தக் காலி வட்டத்தை அமுக்கினாள். கனெக்ட்டை அமுக்கினாள்.

கொர்ர்ர். டக். டக்-டக்-டக். டக்-டக்... கொர்ர் நின்றது! மூச்சு விடாமல் கேட்டோம். திடீரென்று கீய்ய்ய்ங் என்றது! க்ர்ர்ஷ்ஷ் என்றது! காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டிய மாதிரி படபடவென்று வெடித்தது! திரையில் 'கனெக்டட்'! மணி பத்து ஐம்பத்தொன்பது!

நான் கரண்டியோடு குதித்தேன். ஆன்றோவைக் கட்டிப்பிடித்தேன். அவர் சட்டையெல்லாம் சாம்பார். "பாத்தீகளா! பள்ளத்தூர் ஒலகத்துல சேந்திருச்சு! நான் ஜெயிச்சுட்டேன்!"

ரீனாவின் ஈமெயில் காத்திருந்தது. போட்டோவைத் திறந்தோம். அது ஒரேயடியாக வரவில்லை. மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் கூந்தல், வகிடு. பிறகு நெற்றி. கண் வந்ததுமே அருளம்மாள் அழுதுவிட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கழுத்து, தோள், பிறகு நீலப் புடவை. எங்கள் மகள், முழுசாக, சிரித்துக்கொண்டு! அந்த ஒரு நிமிடம் நான் பூட்டை, சாவியை, சகலையை எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

"கடுதாசியும் இருக்குண்ணே" என்று ஆன்றோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'அன்புள்ள அம்மா, நேத்து போன்ல நீ சொன்ன மாதிரியே நீலப் புடவையக் கட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினப்ப நான் ஹாஸ்டல்ல இல்ல. புதன்கிழமை நீ போன்ல அப்பாவோட ஐ.பி. கதையச் சொன்னப்ப சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு...'"

ஆன்றோ நிறுத்தினார்.

நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். சாவி இருந்தது. அந்தோணியாரும் இருந்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அருளு, நேத்து போன்லயா?"

"பின்ன, காத்துலயா?" இன்டர்நெட்டை நிறுத்தினாள். டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். ரிசீவரை வைக்கும் தாங்கியில் இரண்டு குமிழ்கள் உண்டல்லவா? அவற்றை ஒரு விரலால் தட்டினாள். டக்-டக். டக்-டக்-டக்-டக். பூட்டு பாட்டுக்குத் தன் ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டுக்கு ரெண்டு தட்டு, நாலுக்கு நாலு தட்டு. பூஜ்யத்துக்குப் பத்து. நீங்க பூட்டுன மறுநாளு கோட்டைச்சாமி அண்ணன் கம்பத்துல ஏறி இப்படித்தான் தட்டிப் பேசிக்கிட்டு இருந்தாரு. கேட்டுக்கிட்டேன்."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். கோட்டைச்சாமியின் குரல் எனக்கே கேட்டது. "எக்ஸ்சேஞ்சு... யாரு, அக்காவா? என்ன, சார் ஆறாவது கடுதாசி எழுதுறாரா?"

ஜெரினா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆன்றோவுக்கு அதற்குக்கூட வழியில்லாமல் மிக்சர் புரையேறியது.

நாலு வருடம்! ஐந்து கடிதம்! அந்தக் கண்டக்டரிடம் நான் எத்தனை முறை முறைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன்!

"இருந்தாலும்," என்றேன் குரலைத் திரட்டிக்கொண்டு, "பந்தயத்துல ஜெயிச்சது நான். நெட்டு வந்திருச்சு. பூட்டப் பத்தி நீ பேசக் கூடாது."

"பேசல" என்றாள். வந்து என் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். போன் பூட்டைத் திறந்து எடுத்தாள். கம்ப்யூட்டர் மேசைக் கதவைச் சாத்தி, கொண்டியில் மாட்டி, பூட்டினாள். சாவி அவள் தாலிச் சங்கிலியில் ஏறியது.

"ஏன் அருளு?"

"நீங்க நெட்டுல ஒக்காந்தா லைனு எங்கேஜா இருக்கும்ல? அப்பறம் நான் எப்படித் தட்டுறது?"

ஒரு வாரம் ஆகிவிட்டது. மேசையின் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டேன். எங்கே தட்டினால் திறக்கும் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.