பேக் ஓவன் ஆபரேட்டர் சுட்ட கடலை குக்கீஸ்

ஒரகடம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் ராஜசேகர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் கோமதிநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காள் கனகலட்சுமியும் மகள் மாரிசெல்வியும் நலம். அங்கே சங்கரன்கோவிலில் நீங்களும் வீட்டாரும் உங்கள் மரச்செக்கும் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க கோமதியம்மனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளை எடுத்தான் என்று நினைக்க வேண்டாம். போனில் பேசினால் உங்கள் அக்காள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துகிறாள். கடிதம் என்றால் அவள் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும், அதனால் விட்டுவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மாரிசெல்வி ஸ்ரீபெரும்புதூர் செல்போன் பாகக் கம்பெனி வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டு, தண்டலம் காலேஜ் பக்கம் சின்னக் கடை பிடித்து, கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்ட குக்கீஸ் சுட்டு விற்கப் போகிறாள் என்று போன வாரம் உங்களிடம் போனில் புலம்பினேன் அல்லவா? நீங்களும் தாய்மாமன் என்ற முறையில் அடுத்த ஞாயிறு ரயிலேறி வந்து புத்திமதி சொல்கிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம். விஷயம் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

எப்படி என்று கேட்பீர்கள். நீங்கள் எண்ணெயாகப் பிழிகிற அதே கடலையை இவள் லீவு நாட்களில் வெண்ணெயாக அரைத்துக் குக்கீஸ் சுட்டு, கம்பெனி பஸ்ஸில் வரும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். நம்ம ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள்தான் எல்லாம், கடலை வாசம் வந்தால் விடுவார்களா, பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலுக்கு பஸ் வருகிற வேலை, பி.எஃப். பிடிக்கிற வேலை, காய்ச்சல் என்றால் ஈ.எஸ்.ஐ.யில் போய்ப் படுக்கிற வேலை, அதை விட்டுவிட்டு ஒருத்தி அடுப்படிக்குள் போகிறேன் என்றால் பெற்றவன் சும்மா இருப்பானா? அந்த ஆத்திரத்தில் சனிக்கிழமை சோறு தின்றுகொண்டிருக்கும்போது, மாவைப் பிசைந்து அடுப்பில் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையாட்டி என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "அப்பா, நீங்க லாரி கம்பெனி பெயிண்ட் ஷாப்ல இருபது வருஷமா பேக் ஓவன் ஓட்டுதீங்க. நாளைக்கு நான் சொல்லுற மாதிரி ஒரே ஒரு ட்ரே குக்கீஸ் சுட்டுக் காட்டுங்க. சரியா வந்துச்சுன்னா இது வேலையே இல்லன்னு ஒத்துக்கிடுதேன், பேப்பர் போடல. வரலன்னா நீங்க என்னைத் தடுக்கக் கூடாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாப்பிள்ளை. பெயிண்ட் இறுக ஓவனில் நான் சுட்ட லாரி கேபின்கள் காஷ்மீர் வரைக்கும் ஓடுகின்றன. ஒரு பிஸ்கட் என்ன பெரிய சங்கதி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படிச் செய்ய வேண்டும் என்று வாய்ப்பாடாகச் சொல்லிவிட்டு, அம்மாவும் மகளும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தா என்னையே கேட்டுக்கிட்டு இருப்பீங்க என்று மாரிசெல்வி வேறு சொல்லிவிட்டுப் போனாள். நான் முறையாக ஆரம்பித்தேன். பெயிண்ட் ஷாப்பில் ஒரு தலைமுடி விழுந்தாலும் அந்த கேபின் ரிஜெக்ட், அதனால் வீட்டில் கிடந்த பழைய வெள்ளை ஓவரால், தலையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு கடலையை வறுத்தேன். வறுத்ததைப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் தேய்த்து ஊதினேன். தோல் பறந்தது. அது போகட்டும், ஆனால் கீழே வீட்டு ஓனர் டில்லிபாபு வேட்டி காயப்போட்டிருந்தார். "இன்னா சார் இது, வெள்ள வேட்டி மேல இன்னாத்த கொட்டிக்கினு கீறீங்க? நாளைக்கு நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கினு போவணும் சார்" என்று அவர் மேலே பார்த்துக் கத்த, நான் மன்னிப்புக் கேட்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்க, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற என்னைப் பார்த்து அவர் சம்சாரம் அம்சவல்லி, "ஐயோ, கொரோனா மறுபடி வந்துட்ச்சிங்க, மாடி வூட்டுக்கே ஆளு வந்துட்டாங்க" என்று அலறிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டது. முகமூடியைக் கழற்றி நான்தாம்மா கோமதிநாயகம் என்று சொல்லியும் அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை.

அடுத்தது மிக்ஸி. கடலை முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும், விடாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டுத் தானே இளகி வெண்ணெயாகும், பொறுமையா இருங்கப்பா என்றுதான் சொல்லியிருந்தாள். எனக்குத் திரண்டது வரைக்கும்தான் பொறுமை இருந்தது. மோட்டார் சூடாகி வாசம் வந்தது. மிக்ஸியில் எது சுற்ற மறுத்தாலும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? ஒரு கை தண்ணீர் விடுவோம். விட்டேன். வெண்ணெய் ஆகவில்லை, இறுகிக் களியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டேன். கடைசியில் உப்பும் மிளகாயும்தான் பாக்கி, நல்ல கடலைச் சட்னி. அதை ஒரு கிண்ணத்தில் வழித்து ஃபிரிட்ஜில் ஒளித்துவிட்டு மறுபடி கடலை வறுத்து, மறுபடி தோல் நீக்கி, இந்த முறை பால்கனிப் பக்கமே போகாமல் குளியலறையில் வைத்து ஊதி, தண்ணீர்க் குடத்தை எட்டத்தில் தள்ளி வைத்துவிட்டு அரைத்தேன். அவள் சொன்னபடியே இளகியது. அதில் நாட்டுச் சர்க்கரை, முட்டை, கொஞ்சம் மைதா, நறுக்கிய சாக்லேட். உருட்டித் தட்டி ட்ரேயில் வரிசை பிடித்து வைத்தபோது அந்த வரிசையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இவ்வளவுதான் கஷ்டம், இனி ஓவன் வேலை, அது என் வேலை என்று நினைத்தேன்.

அங்கேதான் மாட்டினேன். பெயிண்ட் ஷாப்பில் எங்களுக்கு ஒரே சட்டம். ஓவனை விட்டு வந்த கேபினில் விரல் வைத்தால் தடம் விழக் கூடாது. விழுந்தால் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி உள்ளே தள்ளு. மாரிசெல்வியின் சின்னக் கரண்ட் ஓவனில் டைமர் மணி அடித்ததும் முதல் ட்ரேயை எடுத்து இடது மூலைக் குக்கீயை விரலால் அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போனது. மறுபடி உள்ளே தள்ளினேன். எடுத்தேன், அமுக்கினேன், இன்னும் மெத்து. மறுபடி தள்ளினேன். மூன்றாவது முறை எடுத்தபோது விரல் இறங்கவில்லை, திருப்தியாகக் கீழே வைத்தேன். ஆறிய பிறகு எடுத்து மேஜையில் தட்டினால் ஓடு தட்டுகிற சத்தம். சாக்லேட் கரிந்து தார் மாதிரி இருந்தது. கடித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு பல் ஆடுகிறது, அது ஏற்கெனவே ஆடியதா இப்போதுதான் ஆட ஆரம்பித்ததா என்று தெரியவில்லை. சூட்டைக் குறைத்து இரண்டாவது ட்ரே போட்டேன். அதே சட்டம், அதே விரல், அதே ஓடு. மாவு இன்னும் ஒரு ட்ரேக்குத்தான் இருந்தது.

அந்தக் கடைசி ட்ரேயை உள்ளே வைத்துவிட்டு நாற்காலி போட்டு ஓவன் முன்னாலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கும்போது மனசில் என்னென்னவோ ஓடியது மாப்பிள்ளை. இருபது வருஷமாக எத்தனையோ கேபின்களைச் சுட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தராவது திரும்பி வந்து நன்றாக வெந்திருக்கிறது கோமதிநாயகம் என்று சொன்னதில்லை. தப்பாக வெந்தால் மட்டும் சூப்பர்வைசர் வருவார். இந்தப் பிள்ளை ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள், தின்றவர்கள் அடுத்த நாள் தேடி வருகிறார்கள். அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சரி, கதையை முடிக்கிறேன். ட்ரே வந்தது, ஆறியது. கோவிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். உங்கள் அக்காள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, கடலையும் சாக்லேட்டும் ஒன்றாகக் கரைகிறது. "இது நீங்க சுட்டதா? நம்ப முடியலையே" என்று இன்னொன்றை எடுத்தாள். மாரிசெல்வி இடது மூலைக் குக்கீயைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாதி கடித்தாள். "நல்லா வந்திருக்குப்பா. பேப்பர் போடல" என்றாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை தலை சீவி, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். டப்பா எடுத்துப் போகவில்லை. இன்றைக்கும் எடுத்துப் போகவில்லை. ஓவனை அலமாரி மேல் ஏற்றி, மேலே பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறாள்.

ஆக, நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அது பல் வலியாக இருக்கலாம். உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சியிடம் அடுத்த பொங்கலுக்குக் கண்டிப்பாக வருகிறோம் என்று சொல்லுங்கள். வல்லக்கோட்டை முருகன் நம் இரண்டு வீட்டுக்கும் துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்,
கோமதிநாயகம்.

பி.கு: நேற்று தபால்பெட்டியில் போடக் கொண்டுபோன கடிதத்தைப் பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்து இதை எழுதுகிறேன். இன்றைக்குப் புதன்கிழமை. மேலே ஒரு சங்கதியை விட்டுவிட்டேன் மாப்பிள்ளை. அந்தக் கடைசி ட்ரே உள்ளே இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. திருகி வைக்கிற டைமர்தானே, கரண்ட் இல்லாமலே டிங் என்று அடித்தது. எடுத்து அமுக்கினேன், மெத்தென்று தடம் விழுந்தது. மறுபடி தள்ளத்தான் போனேன், தள்ளி என்ன செய்ய, ஓவன் செத்துக் கிடந்தது. தோற்றேன் என்று அப்படியே வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆறி, தானாகவே சரியாக இறுகியிருந்தது. நான் சுடவில்லை. மின்வாரியம் சுட்டது.

நேற்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நின்றேன். அவள் இறங்கினாள். நடந்துகொண்டே கரண்ட் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும்பா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏறும்போதே டில்லிபாபு, "கரண்ட்டு பூட்ச்சிமா, மோட்டாரு போட முடியல, தண்ணி கிண்ணி கேக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். "அவரு சொல்லலன்னாலும் தெரியும். மூலைக் குக்கீல உங்க விரல் தடம் அப்படியே இருந்துச்சு. மெத்துன்னு இருக்கும்போதே எடுத்தாத்தான் தடம் நிக்கும். நீங்க அப்படி எடுக்குற ஆளு இல்லப்பா." பின்னே ஏன்ட்டி நல்லா வந்திருக்குன்னு சொன்ன என்று கேட்டேன். "நல்லாத்தானப்பா வந்திருந்துச்சு. மீதிய நீங்க சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு பாத்தேன்" என்றாள். நான் நடுத்தெருவில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இன்று காலை பேப்பர் போட்டுவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், கண்டிப்பாக வாருங்கள். வரும்போது செக்கிலிருந்து ஒரு மூட்டை கடலை, தோல் நீக்கியதாக எடுத்து வாருங்கள், டில்லிபாபு மறுபடி வேட்டி காயப்போட்டிருக்கிறார். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு முதல் பெரிய ஆர்டர். ஓவன் பக்கம் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாள், எப்போது எடுப்பது என்று மட்டும் அவள் சொல்வாளாம். நீங்கள் தயார் செய்து வைத்திருக்கும் புத்திமதியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ட்ரே வெளியே வந்ததும் என் கை மறுபடி உள்ளே தள்ளத்தான் போகும்.