ஊட்டுல கலந்துட்டுச் சொல்றனுங்க

வேலை தேடி அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையை உதறிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்களே, அந்த மாதிரி வேலையைப் பார்க்கப் போன மனிதர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் கலந்துட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பள நோட்டில் மட்டும் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. நாக்பூருக்கும் பம்பாய்க்கும் சரக்கு ஏற்றிப் போன லாரி காலியாகத் திரும்பினால் முதலாளிக்கு வயிறு எரியும். கலந்துட்டு இருந்தவரை எந்த லாரியும் காலியாகத் திரும்பியதில்லை. டெலிபோனைப் பிடித்துக் கத்தி, ஆரஞ்சோ வெங்காயமோ, யாரோ வீடு மாற்றிக்கொண்டு வரும் கட்டில் பீரோவோ, எதையாவது ஏற்றிவிடுவார். அந்தக் கத்தலுக்கு டெலிபோன் எதற்கு என்று எக்ஸ்சேஞ்ச் பெண்ணே ஒருமுறை கேட்டாளாம்.

அதனால் மாதம் ஒரு கம்பெனியாவது அவரைக் கூப்பிடும். யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டி, மஞ்சப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் பார்க்கக் கிளம்பிவிடுவார். போன இடத்தில் சம்பளத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். குழாயைத் திறந்து தண்ணீர் குடித்துப் பார்ப்பார். கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா என்று போட்டுப் பார்ப்பார். தனக்குத் தரப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து நாலு ஆட்டு ஆட்டுவார். கடைசியில் அந்த முதலாளியைப் பார்த்து, "ஏனுங்க, உங்களுக்குக் கோவம் வருமுங்களா? வந்தா எத்தன நேரம் இருக்குமுங்க?" என்பார்.

நாமக்கல்லில் ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதுமே கோபம் வந்துவிட்டது. கலந்துட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். "பதினேழு நிமிசமுங்க. நமக்குக் கட்டாது" என்று மறுநாள் எங்களிடம் சொன்னார்.

ஆனால் போன இடத்தில் மட்டும் அப்படி முகத்தில் அடித்தமாதிரி சொல்லமாட்டார். "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்துவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கலந்து பேச வீட்டில் ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒற்றை அறை. அதில் ஒரு ஸ்டவ், ஒரு பாய். மனிதர் ஸ்டவ்வோடு கலக்கிறாரா பாயோடு கலக்கிறாரா என்று நாங்கள் பந்தயமே கட்டியிருக்கிறோம்.

அப்புறம் டீசல் தட்டுப்பாடு வந்தது. லாரிகள் பங்க் வாசலில் நாள்கணக்கில் நின்றன. முதலாளி எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கையைப் பிசைந்தார். "நெலம சரியாகற வரைக்கும் எல்லாருக்கும் சம்பளத்துல கால் பங்கு கொறைச்சுக்கறனுங்க. வேற வழி தெரியல."

"செரீங்க" என்றார் கலந்துட்டு. நானும் தலையை ஆட்டினேன். ஆனால் என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். முழுச் சம்பளத்திலேயே மாதக் கடைசி இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரமே ஒருவரிடமும் சொல்லாமல் சேலம் போய், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் மனுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் போதாத காலம், அதே கம்பெனி கலந்துட்டுவையும் கூப்பிட்டது. "எடம் பாக்க ஒத்தையாளாப் போகக் கூடாது சாமி, நீயும் வா" என்றார். வயிற்றுவலி என்றேன். சோடா வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போய்விட்டார்.

அங்கே மேனேஜர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அட, நீங்களா! போன வாரம் மனுக் குடுத்துட்டுப் போனீங்களே!" என்றார்.

கலந்துட்டு அப்போதுதான் குழாயைத் திறந்திருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மகுடஞ்சாவடி தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"மனுக் குடுக்கப் போனப்ப கொழாயத் தொறந்து பாத்தயா?"

"இல்லீங்ணா."

"கக்கூசு?"

"இல்லீங்ணா."

"அப்பறம் என்னத்தத்தான் பாத்த?"

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டனுங்ணா."

"ஒண்ணும் பாக்காம வாக்கப்படப் போயிட்டயே சாமி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சும்மா வா. ஊட்டுல கலந்துக்கலாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை டீ வந்ததும் கேஷியர், வாட்ச்மேன், ஆபீஸ் கூட்டும் பழனியம்மாள் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார்.

"நம்மூட்டு ஆளுக்கு ஒரு எடம் வந்துருக்குது. தண்ணி நல்ல தண்ணி. கக்கூசுக்குத் தாப்பா இருக்குது. மேனேசருக்குக் கோவம் வந்தா அஞ்சே நிமிசந்தேன். அனுப்பலாமா, வேண்டாமா?"

பழனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க போயிட்டா இந்த ஆபீசு நிக்குமுங்களா?"

"நானில்ல அம்மிணி. இவன்" என்று என்னைக் காட்டினார்.

இத்தனை வருஷமாக அவர் கலந்து பேசிய வீடு எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீ குடிக்கும் நேரத்தில் எங்களிடம் ஒவ்வொரு கம்பெனிக் கதையும் சொல்லி, நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுதான் அவர் கலந்து பேசுவது. அது தெரியாமல் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பழனியம்மாள்தான் முதலில் பேசினாள். "ஊட்டுக்காரி மாசமா இருக்கறா. போவட்டுமுங்க." கேஷியரும் வாட்ச்மேனும் சரி என்றார்கள். கலந்துட்டு உடனே டெலிபோனை எடுத்தார்.

"மேனேசருங்களா? பெரியவனுக்கு இப்ப தோதுப்படலீங்க! சின்னவனக் கேட்டா தர்றமுங்க!"

உள்ளறையில் இருந்த முதலாளிக்கும், எதிர் டீக்கடைக்கும், அநேகமாக நாக்பூருக்கும் அது கேட்டிருக்கும். முதலாளி வெளியே வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

புது வேலையில் மூன்றாம் மாதம் சங்ககிரி ஆபீஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. "தலைத் தீபாவளிக்குக் குடும்பத்துடன் தவறாமல் வரவும்." கைக்குழந்தையோடு ஒரு லாரி ஆபீஸுக்குத் தலைத் தீபாவளிக்குப் போன ஆள் நான்தான். கால் பங்கு குறைந்த சம்பளத்தில் எனக்கு வேட்டி துண்டு, மனைவிக்குச் சேலை, பிள்ளைக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தார்கள். பழனியம்மாள் முறுக்குச் சுட்டிருந்தாள். என் பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டு அதில்தான் உட்காரவைத்தார்கள்.

கிளம்பும்போது கலந்துட்டு என்னை மட்டும் ஒரு லாரி மறைவுக்குக் கூட்டிப் போனார். அன்றைக்குத்தான் அவர் குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டேன்.

"அங்க ஆராச்சும் ஒரு சொல்லு சொன்னா, பொறுத்துக்கிட்டுக் கெடக்காத. கெளம்பி வந்துரு சாமி. உன்ற நாற்காலிய ஆருக்கும் குடுக்கல."

நான் திரும்பிப் போகவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். சங்ககிரியில் எனக்கு ஒரு நாற்காலி கிடக்கிறது என்ற தைரியத்தில்தான் பார்த்தேன்.