மூடுபனியை எழுதியவர் யார்?

பயந்தவனுக்கு இரண்டு முதலாளிகள் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தார்கள். அதுவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத முதலாளிகள்.

பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆங்கிலத் துறையில் நான் தற்காலிக விரிவுரையாளர். வயது நாற்பதைத் தொட்டும் தற்காலிகம்தான். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அப்பா மட்டும், "மகன் கெம்பஸ்ல பெரிய சேர்" என்று என்னை எப்போதோ நிரந்தரமாக்கிவிட்டிருந்தார்.

துறைக்குள் இரண்டு கட்சி. இலக்கியக் கட்சிக்கு யாழ்ப்பாணத்து மேடம் தலைவி. கவிதை படிக்காத பிள்ளை மனுசனாகாது என்பார். எழுத்துப் பயிற்சிக் கட்சிக்கு எங்கள் ஹாலிஎலப் பக்கத்துச் சேர். ஒழுங்காக ஒரு பந்தி எழுதத் தெரியாத பிள்ளைக்கு வேலை எங்கே கிடைக்கும் என்பார். தேநீர் அறையில் கட்சிக்கு ஒன்றாக இரண்டு கேத்தல். எதிலிருந்து ஊற்றினாலும் மற்றக் கட்சி என்னைக் குறித்துக்கொள்ளும். (நான் தண்ணீர் குடித்தேன். பதுளைக் குளிரில், பச்சைத் தண்ணீர்.)

நிரந்தரப் பதவி ஒன்று வந்தது. இருவரும் தனித்தனியே என் வகுப்பைப் பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும். செவ்வாய் மேடம், புதன் சேர்.

"ரெண்டு பேருக்கும் தலையாட்டுங்க," என்றாள் என் மனைவி கமலா. "ஒரே நேரத்துல மட்டும் ஆட்டிடாதீங்க."

ஒரே நேரம் வராது என்ற தைரியத்தில், இரண்டு பாடத்துக்கும் ஒரே பகுதியை எடுத்தேன். தெமோதரையில் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு காலையில், மூடுபனியில் மலையும் தண்டவாளமும் கரைந்துபோக, நான் ஆங்கிலத்தில் எழுதிய வசன கவிதை அது. 'மலை பனிக்குள் போகிறது, பனி எனக்குள் போகிறது, நான் எங்கே போகிறேன்?' என்று முடியும். எழுதியவர் பெயர் போடவில்லை. (தன்னடக்கம் இல்லை. பயம்.) மேடத்தின் பாடத்தில் அது அழகுக்கு உதாரணம். சேரின் பாடத்தில் அது குழப்பமான எழுத்துக்கு உதாரணம். மாணவர்கள் திருத்தி எழுத வேண்டும். திங்கட்கிழமை சேரின் பாடத்தை அதே வகுப்பில் ஒத்திகையும் பார்த்தேன். என் கவிதையை நானே கிழித்தேன். வகுப்பு ரசித்தது.

செவ்வாய் வந்தது. மேடம் பின்வரிசையில் அமர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கதவு திறந்தது. விடியற்காலையில் கொழும்புக்குப் புறப்பட்ட சேர் உள்ளே வந்தார்.

"பெரகலயில மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடியிருச்சுங்க. திரும்பி வந்துட்டேன். இன்னைக்கே உங்க பாடத்தப் பார்த்திருவோமே," என்று, மேடத்துக்கு இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்தார்.

மேடத்தைப் பார்த்து, "என்ன அழகான வரி!" என்றேன். சேரைப் பார்த்து, "ஆனாலும் கவனிக்க வேண்டும்" என்றேன். எதை என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

முன்வரிசையில் தர்ஷினி கையை உயர்த்தினாள். அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆபத்து எனக்குத் தாய்மொழியில்தான் கேட்கும். "சேர், நேத்து இதே பகுதியக் குப்பைன்னு சொன்னீங்களே. இன்னைக்கு எப்படி அழகாச்சு?"

வகுப்பு சிரித்தது. பின்வரிசை சிரிக்கவில்லை. மேடம் எழுந்து வந்து தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இனி இரண்டு கட்சிக்கும் சண்டை மூளும், அந்தப் புகையில் நான் தப்பிவிடுவேன் என்று ஒரு நப்பாசை.

"தம்பி, இது இலக்கியமே இல்லை," என்றார் மேடம். "சும்மா பெருமூச்சு."

"எழுத்தும் இல்லைங்க மேடம்," என்றார் சேர். "எங்க போறோம்னே தெரியாதவரு எதுக்குப் பேனாவத் தூக்கணும்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

துறையின் சரித்திரத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் நான்.

"ஆர் எழுதினது?" என்றார் மேடம்.

"ஒரு... மலையக எழுத்தாளர், மேடம்."

"இப்ப எங்க இருக்கிறார்? கூப்பிட்டுப் பிள்ளையளோட பேச வைப்பம்."

வாய் முந்திக்கொண்டது. "காலமாகிட்டார், மேடம்."

"ஐயோ! எப்ப?"

"இப்பதான்... கொஞ்சம் முன்னாடி."

"குடும்பம் இருக்குங்களா?" என்றார் சேர், குரல் தாழ்த்தி.

"மனைவி மட்டும்."

மேடத்தின் முகம் இளகியது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு நிமிட மௌன அஞ்சலி. இரண்டு கட்சியும் தலை குனிந்து நின்றன. நானும் எனக்காக நின்றேன். உண்மையிலேயே கண் கலங்கியது. அதை மேடமும் பார்த்தார், சேரும் பார்த்தார்.

பதவி கிடைத்தது. பாடத்துக்காக அல்ல, "சகமனிதரின் மரணத்துக்கு உருகும் மனம்" என்று மேடமும், "மாணவியின் விமர்சனத்தைத் தாங்கும் பக்குவம்" என்று சேரும் எழுதினார்களாம். அன்றிலிருந்து நான் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சேற்றியதில்லை. எழுதினால் நடை காட்டிக்கொடுத்துவிடும். மேடம் இன்னமும் கொரிடோரில் மறித்து, "அந்தப் பாவப்பட்ட மனுசன்ர வேற ஆக்கங்கள் ஏதும் கிடைக்குமே தம்பி?" என்று கேட்கிறார். தேடுகிறேன் என்கிறேன்.

கமலாவுக்கு இதையெல்லாம் அன்று மாலையே சொல்லியிருக்கக் கூடாது. இப்போதும் நான் எதையாவது கிறுக்கிக்கொண்டிருந்தால், குசினியிலிருந்து குரல் வரும்:

"தேத்தண்ணி ஊத்துறேன். கெம்பஸ் பெரிய சேருக்கா, இல்ல செத்துப்போன எம் புருசனுக்கா?"