நாதப்பெட்டியும் ஓட்டைத் துணியும்

திருப்பூரில் அந்த வாரம் ஓங்காரச் சித்தரைப் பற்றித்தான் பேச்சு. மடத்துக்குளம் பக்கத்திலிருந்து சிவப்பு வேனில் வந்து இறங்கினார். கையில் ஒரு மரப்பெட்டி. பெயர் நாதப்பெட்டி. அதிலிருந்து தொங்கும் இரண்டு செப்புத் தகடுகளைக் கையில் பிடிக்க வேண்டும். கொள்ளிக்கண் உள்ள ஆள் என்றால் பெட்டி குய்யென்று கத்தும். நல்ல கண் என்றால் டிக், டிக் என்று முனகும். இத்தனை காலம் கடவுள் பேச வழியில்லாமல் தவித்திருக்கிறார், பாவம். சித்தர்தான் ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தார்.

கூட்டம் அலைமோதியது. கார் வைத்திருப்பவர்கள் காரில் வந்து ஏமாந்தார்கள், மற்றவர்கள் பஸ்ஸில் வந்து ஏமாந்தார்கள்.

மணியனின் பனியன் கம்பெனிக்கும் சித்தர் வந்தார். அங்கே கொஞ்ச நாளாகத் துணியில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. ஓட்டை விழுந்தால் துணி பின்னுகிற மெஷினைப் பார்ப்பது உலக வழக்கம். மணியன் ஜாதகத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்க்க வேண்டிய மெக்கானிக் செந்தில்வேல், சித்தரைப் பார்த்தார்.

"மொதலாளி, மூக்கம்மா பாக்கற துணியிலதானுங்க ஓட்டை இருக்குது. அந்தம்மா கண்ணு அப்படிங்க" என்றார் செந்தில்வேல்.

மூக்கம்மாள் அங்கே செக்கிங் வேலை பார்ப்பவள். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். பார்த்தாள். இருந்தது. சொன்னாள். கூடவே, "மெஷின் ஊசியக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்றும் சொல்லித் தொலைத்தாள். செந்தில்வேலுக்கு அதுதான் உறைத்தது. காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரைக் குப்பையில் போடுகிற வைத்தியம் ஆரம்பமானது.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சித்தர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் விபூதியைக் கொட்டி, "நல்லாத் தேச்சுக்கோ கண்ணு" என்றார். தகட்டைப் பிடித்தார்கள். டிக், டிக். மூக்கம்மாள் முறை வந்தது. செந்தில்வேல் லேசாக இருமினார். சித்தர் விபூதித் தட்டை வைத்துவிட்டுச் செம்பை எடுத்தார். அவள் கையில் மட்டும் தீர்த்தம் விழுந்தது.

குய்ய்ய்!

நேற்று வரை அவள் தூக்குச்சட்டியில் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்கள் முதல் ஆளாக விலகினார்கள்.

"அய்யா, பொழைக்க வந்தவ நான்" என்று அழுதாள் மூக்கம்மாள். "இந்தப் பேரோட வெளிய போனா எந்தக் கம்பெனியில எனக்கு வேலை குடுப்பாக?"

மணியன் தலை குனிந்துகொண்டார். "கணக்கை முடிச்சுக்கலாமுங்க" என்றார்.

அப்போதுதான் அவர் மகள் தரணி உள்ளே வந்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவள். பெட்டியின் குரலைக் கேட்டதுமே சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இதை எங்க பசங்க மொத வாரத்துலயே செஞ்சுருவாங்க" என்றாள். பிறகு சித்தரிடம் திரும்பினாள். "சாமி, மூக்கம்மாக்கா கையைத் தொடச்சு விபூதி குடுங்க. தீர்த்தத்தை எங்கப்பா கையில ஊத்துங்க."

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது கண்ணு."

"தெய்வத்தை இல்லீங்க. தண்ணியத்தான் சோதிக்கறேன்."

கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் விட மனம் வருமா? "ஊத்துங்க சாமி!" என்று கத்தியது. மூக்கம்மாள் கையில் விபூதி. டிக், டிக். முதலாளி கையில் தீர்த்தம். குய்ய்ய்!

மணியன் தகடுகளை உதறினார். "என்ற துணிக்கு நானே கண்ணு வெச்சனாக்கும்?"

தரணி விடவில்லை. பையிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், இரண்டொரு ரெசிஸ்டர், குட்டி ஸ்பீக்கர், பேட்டரி எல்லாவற்றையும் செக்கிங் மேசையில் பரப்பினாள். துளை துளையாக இருந்த ஒரு பலகையை மூக்கம்மாளிடம் கொடுத்து, எந்தச் சாமானின் கம்பிக் காலை எங்கே செருகுவது என்று காட்டினாள். மூக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகினாள். கடைசி இரண்டு ஒயர்களை ஓர் ஈரப் பனியனில் மாட்டினாள். பனியன் குய்யென்று கத்தியது.

"ஈரத்துல கரண்ட் சுலபமாப் போகுமுங்க. கெப்பாசிட்டர் வெரசா நெறஞ்சு வெரசாக் காலியாகும். அதுதான் கீச்சுங்குது" என்றாள் தரணி. "விபூதி ஈரத்தை உறிஞ்சிருது. அப்ப மெதுவா டிக் டிக்."

சித்தர் வேனை நோக்கி நடந்தார். ஓடினார் என்றால் மரியாதையாக இருக்காது. அவர் விட்டுப்போன பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே அதே சாமான்கள், மேலே ஒரு ஓம் ஸ்டிக்கர்.

"சாமிய நான் செஞ்சு முடிச்சிட்டேன்" என்றாள் மூக்கம்மாள். "இப்பவாச்சும் மெஷினத் தொறங்கண்ணே."

செந்தில்வேல் திறந்தார். ஓர் ஊசியின் கொக்கி உடைந்திருந்தது.

"தப்புத்தானுங்க மூக்கம்மா" என்றார் மணியன். "நாளைக்கு வந்துருங்க."

"நாளைக்கு என்னத்துக்கு? துணிய இப்பவே அனுப்புங்க. எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு."

ஊசி மாற்றினார்கள், ஓட்டை நின்றது. சித்தரின் வேன் வேறு ஊருக்குப் போயிருக்கிறதாம், அங்கேயும் நல்ல கூட்டமாம். ஒரு பனியனைக்கூட உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துத்தானே ஐயா வாங்குகிறீர்கள்? சாமியாரை மட்டும் ஏன் பார்க்காமலே வாங்குகிறீர்கள்?