சூடான சறுக்குவண்டி

தெர்மாமீட்டர் பிளஸ் ஒன்று காட்டியது. அஃப்ராவின் சறுக்குவண்டியைப் பராமரிக்கும் க்விரின் அதையே வெறித்துப் பார்த்தார்.

"அண்ணே, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் அஃப்ரா.

"வண்டி அடியில இருக்கிற இரும்பு சூடாயிருக்கும்மா. மைனஸ் மூணுக்கு மேல ஏறினா ஆட்டத்துலேர்ந்தே தூக்கிடுவாங்க. இன்னும் அரை மணிதான் இருக்கு."

லூஜ் வினோதமான விளையாட்டு. பனிச்சரிவில் மல்லாந்து படுத்து, நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரவேண்டும். அசையாமல் கிடப்பவருக்குப் பதக்கம். இரும்பு சூடாக இருந்தால் இன்னும் வழுக்கும், குளிர்ந்தால் வேகம் குறையும்; அதனால் சூட்டுக்கும் ஒரு வரம்பு. அஃப்ரா மூன்று குளிர்கால உலகப் போட்டிகளில் அசையாமல் கிடந்து, மூன்றிலும் நான்காவதாக வந்தவள். இதுதான் கடைசி. அதுவும் சொந்த ஊரில்.

க்விரின் வண்டியைப் பனியில் புதைத்தார். பனிக்குள் மணல் இருந்தது. இரும்பில் கீறல் விழுந்தது.

கீறல் போகத் தேய்த்தார். தேய்த்ததில் சூடு ஏறி பிளஸ் நான்கு காட்டியது.

"நல்லா தேய்ங்க, அடுத்து தோசை வார்க்கலாம்!" என்றாள் அஃப்ரா. கிண்டல்தான், ஆனால் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மனைவி புர்கி. சரிவின் அடியில் வெள்ளை சாசேஜ் கடை போட்டிருந்தாள். அந்த இறைச்சிக் குழல்களைக் கொதிக்காத வெந்நீரில்தான் சூடாக்க வேண்டும்; சூடு மிஞ்சினால் தோல் வெடிக்கும்.

"யோவ், சாசேஜ் எல்லாம் பட்டுப்பட்டுனு வெடிக்குது!"

"உலகமே இங்க பாத்துட்டிருக்கு, உனக்கு சாசேஜா பெருசு?"

கைப்பேசியை வைத்தார். முழங்கால் வலிக்கு அடிக்கும் குளிர் மருந்தை எடுத்து இரும்பு முழுக்கப் பீய்ச்சினார். உறைபனி படிந்தது. துடைத்தார். மைனஸ் நான்கு! அவருக்கு உயிர் வந்தது.

சோதனை அதிகாரி தன் கருவியை வைத்துப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

"தேறிட்டீங்க. தேவைக்கு மேலயே."

பாராட்டு என்று நினைத்து க்விரின் தொப்பியைத் தூக்கி வணங்கினார்.

சரிவு முழுக்க அஃப்ரா ஓர் இமைகூட அசையாமல் கிடந்தாள். நான்காவது இடம். பதக்கம் நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கில் போயிற்று. தலைக்கவசத்தைக் கழற்றாமலே அழுதாள். க்விரினும்தான். இருவரும் பசியோடு புர்கியின் கடைக்கு வந்தார்கள்.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு ரெண்டு தெர்மாமீட்டர் வாங்கினியே," என்று புர்கி தோல் கிழிந்த சாசேஜ்களைத் தட்டில் கொட்டினாள். "என்னோடது எப்பவும் ஆறு டிகிரி கூட்டித்தான் காட்டும். எழுபது வேணும்னா எழுபத்தாறு வரைக்கும் விடுவேன். இன்னைக்குன்னு பாத்து அது சரியாக் காட்டித் தொலைக்குது. காலையில மேசையிலேர்ந்து நீ எதைய்யா தூக்கிட்டுப் போனே?"